லீட்ஸில் பிறந்த டிராலி

தகரக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்று ஒன்றின் நிழலில் இருக்கும் கொட்டகை அது. பழைய இரும்புக் கடையின் தராசுக்குப் போகவிருந்தவற்றைத் தன் காசைக் கொடுத்து மீட்டு வைத்திருக்கிறார் ஓர் அண்ணன். பெயரையும் இடத்தையும் எழுதக் கூடாது என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. உள்ளே தோட்டத்துக் குட்டி ரயிலின் மிச்சங்கள்: பக்கவாட்டில் கவிழ்க்கும் தொட்டி டிராலிகள், ஒரு தட்டை டிராலி, தண்டவாளத் துண்டுகள் ஒரு குவியல், மூலையில் மோட்டார் இல்லாத ஒரு டீசல் இன்ஜினின் இரும்புச் சட்டம்.

"அண்ணே, இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"அதைத்தான் தங்கச்சி நானும் தேடிக்கிட்டு இருக்கேன். வாங்க, அதுகிட்டயே கேப்போம்."

தட்டை டிராலியின் பக்கத்தில் குந்தினார். அச்சு முனையை மூடியிருக்கும் இரும்புப் பெட்டியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துரு பொடியாக உதிர்ந்தது. பிறகு ஒரு சாக்குக்கட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் மெதுவாக உரசினார். மேடான இடங்களில் மட்டும் வெள்ளை ஒட்டியது. ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வந்தது: ஹட்சன். லீட்ஸ். நான் கத்தியேவிட்டேன்.

ராபர்ட் ஹட்சன் 1865இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் தொடங்கிய நிறுவனம் அது. தண்டவாளம், குறுக்குக்கட்டை, தடம் மாற்றும் கட்டை, டிராலி என்று ஒரு முழு ரயில் பாதைக்கு வேண்டிய எல்லாமே அவர்கள் விலைப்பட்டியலில் இருக்கும். தளவாடம் வாங்குவதுபோல ஒரு துரை ரயிலை எழுதி வரவழைக்கலாம். வார்ப்பிலேயே பெயரைப் பதித்ததால் வெயிலும் மழையும் சேர்ந்தும் அதை அழிக்க முடியவில்லை.

"மறுபக்கம் வாங்க," என்றார். அந்த அச்சுப் பெட்டியில் அதே சாக்குக்கட்டி வேறு எழுத்துகளைக் காட்டியது: ஓ அண்ட் கே. பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல், 1876இல் தொடங்கியது. ஒரே டிராலிக்கு இரண்டு தாய்வீடு!

இது எப்படி நடந்தது என்பதற்கு டேப்பைப் பிடித்தே விளக்கம் சொன்னார். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே விடும் அகலம் ஆங்கிலேயருக்கு இரண்டு அடி, அதாவது 610 மில்லிமீட்டர். ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் 600. ஜாவாவின் கரும்பு ஆலைகளில் 700 மில்லிமீட்டர் பாதை அதிகம். அதனால் முதலில் அளவெடுத்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். ஆனால் 600க்கும் 610க்கும் நடுவே இருப்பது ஒரு விரல்கடை. சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் இருக்கும் தளர்வு அதை விழுங்கிவிடும். லீட்ஸ் சட்டத்துக்குப் பெர்லின் சக்கரத்தைப் பூட்டி ஓடவிட்டிருக்கிறார் ஏதோ ஒரு தோட்டத்து ஒர்க்‌ஷாப்காரர். அந்தக் கைக்கு ஒரு கும்பிடு!

தண்டவாளத்தை விசாரிப்பது இன்னும் ருசி. மெல்லிய தண்டவாளங்களில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. ஓர் அடி துண்டைச் சந்தைத் தராசில் ராத்தல் கணக்கில் நிறுத்து, மூன்றால் பெருக்கினால் கஜத்துக்கு எத்தனை ராத்தல் என்று வந்துவிடும். நாங்கள் நிறுத்தது 14 ராத்தல் ரகம். மலாயாவின் பெரிய ரயில் ஓடிய தண்டவாளம் 80 ராத்தல். இந்தக் குட்டியை இரண்டு பேர் தோளில் தூக்கிப் போய் வேறு இடத்தில் போட்டுவிடலாம். 1875 வாக்கில் பிரான்ஸில் போல் டெக்கோவில் என்பவர் தன் சர்க்கரை பீட்ரூட் வயல் சேற்றில் வண்டி இறங்கித் தவித்தபோது கண்டுபிடித்த வித்தை இதுதான்: ஏணிபோல முன்கூட்டியே பூட்டி வைத்த தண்டவாளத் துண்டுகள். 1889 பாரிஸ் கண்காட்சியில் அவருடைய குட்டி ரயிலில் 60 லட்சம் பேருக்கு மேல் ஏறினார்கள். பாகான் டத்தோ பக்கத்துக் களிமண்ணில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு இந்த வித்தையின் அருமை தெரியும்.

மூலையில் கிடந்த சட்டம் பெட்ஃபோர்டின் மோட்டார் ரயில் நிறுவனம் செய்த சிம்ப்ளெக்ஸ் வகை. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்குக் குண்டும் ரொட்டியும் இழுத்த இன்ஜின்களின் வம்சம்! பித்தளைத் தகடு எப்போதோ விலைபோயிருக்கும். ஆனாலும் ஆலை எண்ணைச் சட்டத்தில் உளியால் பதித்திருப்பார்கள். அதை வைத்து ஆலையின் பேரேட்டில் என்றைக்கு, யாருக்கு அனுப்பினார்கள் என்று பார்க்கலாம். நீராவி இன்ஜின் என்றால் எச்சரிக்கை தேவை. ஒன்றின் சக்கர இணைப்புக் கம்பியைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டியிருப்பார்கள். ஒரே உடம்பில் இரண்டு எண் இருக்கும்.

பேரேட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. முதலில் வாங்கியவர் பெயரோடு அது நின்றுவிடும். பல நேரம் அதுவும் தோட்டத்தின் பெயராக இருக்காது, ஏஜென்சிக் கம்பெனியின் பெயராக இருக்கும். அதன் பிறகு எந்தத் தோட்டம், எந்த ஈயச்சுரங்கம் என்று கைமாறியதற்குச் சீட்டு இல்லை. நடுவில் ஜப்பான்காரன் காலம் வேறு. கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம்–பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. இரும்பின் தடம் அறுகிற அதே ஆண்டுகளில்தான் எத்தனையோ குடும்பங்களின் தடமும் அறுகிறது. அதைச் சொல்லும்போது அண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

குட்டி ரயில் செத்துப்போன கதை என்று நினைத்துவிடாதீர்கள். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்துக்குப் போனால் உயிரோடு பார்க்கலாம்! 1906இல் ஓகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் ரப்பருக்காகத் தொடங்கிய தோட்டம் அது. பாங்காக்கில் மின்சாரமும் டிராமும் நடத்திய கம்பெனியில் இருந்தவர், காட்டுக்குள் வந்து மரம் நட்டார். இன்று அது யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது, ரயில் போகவில்லை. காரணம் சுவையானது. செம்பனைப் பழம் அடிபட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். எத்தனை தடவை குலையை ஏற்றி இறக்குகிறோமோ அத்தனை அடி. ரயிலில் வந்தால் அந்தத் தடவைகள் குறையும். கனத்த லாரி மிதித்து மண் இறுகுவதும் இல்லை. குலைகள் நிறைந்த பெட்டிகள் வரிசையாகக் கடகடவென்று அசைந்து போவதைப் பார்த்தபோது, கொட்டகை டிராலிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்போல இருந்தது.

மறுநாள் கொட்டகைக்கு ஒரு பெரியவர் வந்தார். கீழ்ப்பேராக் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லீட்ஸையும் பெர்லினையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை. நேரே தட்டை டிராலியிடம் போய் நான்கு மூலையிலும் இருந்த ஓட்டைகளில் விரலை விட்டார். எந்த விலைப்பட்டியலிலும் நாங்கள் பார்க்காத ஓட்டைகள்.

"இதுல கம்பு நட்டுத்தான் விறகு அடுக்குவோம், புகைக்கூடத்துக்கு. ரப்பர் ஷீட்டு காய வேணாமா? தென்னந்தோட்டத்துக்குப் போனா தேங்கா. காலையில காலியா போறப்போ நாங்க ஏறிக்குவோம், பள்ளிக்கூடத்துக்கு. தண்டல் பார்த்தா திட்டுவாரு."

"எங்க உக்காருவீங்க தாத்தா?"

பின்பக்க விளிம்பைத் தட்டிக் காட்டினார். அங்கே மட்டும் இரும்பு வழவழவென்று இருந்தது.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். டிராலியில் கட்டியிருந்த அட்டையில், 'சட்டம்: ஹட்சன், லீட்ஸ். சக்கரம்: பெர்லின்' என்று ஏற்கெனவே எழுதியிருந்ததற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: 'சுமை: விறகு, தேங்காய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.'