கம்பி வழியா, காற்று வழியா?
புது வீடு கட்டுவோர் கூரை போடும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்

பெங்களூரில் சொந்த வீடு கட்டுவது லேசான காரியம் அல்ல. முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்றை வாங்கி, பி.எஃப். பணத்தையும் பாங்குக் கடனையும் போட்டு, கீழே குடியிருக்க, மேலே வாடகைக்கு என்று கட்டுகிறார்கள். வாசற்கால் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை என்று பத்துப் பேரிடம் கேட்கிறவர்கள், ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. இன்டர்நெட் ஒவ்வொரு அறைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

"வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு?" என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது பாதிதான் சரி.

2020-ல் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்பாவுக்கு ஆபீஸ் வேலை வீட்டில். பிள்ளைகளுக்குப் பாடம் செல்போனில். உள்ளறையில் சிக்னல் இல்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

சுவர் விழுங்கும் அலை

வைஃபை என்பது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வரிசைகளில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. முன்னது கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறைவு. பின்னது வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பெங்களூர் வீடுகளில் இப்போது சாலிட் பிளாக் சுவர்தான் அதிகம். கூரையிலோ இரும்புக் கம்பி பின்னிய கான்கிரீட். கீழ் வீட்டு ஹாலில் வைத்த பெட்டியிலிருந்து மாடிப் படுக்கையறைக்கு அலை ஏறுவதற்குள் பெரும்பகுதி தேய்ந்து போகிறது. பீரோ கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம்.

அக்கம்பக்கத்துத் தொல்லை வேறு. 2.4 வரிசையை லைசென்சு இல்லாமலே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-ல் அனுமதித்தது. அதனால் வீட்டுக்கு வீடு வைஃபை வந்தது. ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் இயங்க அந்த வரிசையில் இருப்பது மூன்றே தடங்கள். ஸ்ரீராமபுரம், அல்சூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இருபது வீட்டுப் பெட்டிகள் அந்த மூன்று தடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையில்தான் இரைகிறது.

கம்பிக்கு இந்தத் தகராறே இல்லை. 'கேட் 6' என்று கடையில் கிடைக்கும் கேபிளுக்குள் எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் இருக்கத்தான் அந்த முறுக்கு. நூறு மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகம் குறையாமல் போகும். முப்பதுக்கு நாற்பது வீட்டில் நூறு மீட்டருக்கு எங்கே போவது?

அதற்காக வைஃபையே வேண்டாம் என்பதில்லை. செல்போனுக்குக் கம்பி மாட்ட முடியுமா? இடம் விட்டு இடம் நகராத டி.வி., கம்ப்யூட்டர், காமிரா இவற்றுக்குக் கம்பி. கையில் எடுத்துத் திரிவதற்கு வைஃபை. அந்த வைஃபை பெட்டியையும் மாடிக்கொன்றாக வைத்து, அதுவரை கம்பியில் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

மோல்டுக்கு முன்

சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் 1902-ல் கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். அதற்கு முன்பே கட்டிய வீடுகளில் என்ன செய்தார்கள்? சுவரின் மேலேயே மரச் சட்டம் அடித்து, அதன்மேல் வயரை ஓட்டினார்கள். இன்டர்நெட்டை நினைக்காமல் இன்று கட்டும் வீட்டுக்கும் அதே கதிதான்.

ஆகவே முடிவு செய்ய வேண்டிய நேரம் கிரகப்பிரவேசம் அல்ல. கூரை மோல்டு போடுவதற்கு முந்தின வாரம். சென்டரிங் பலகை மேல் கம்பி கட்டும்போதே, மின்சாரக் குழாயோடு இன்டர்நெட்டுக்கென்று தனிக் குழாய் போடச் சொல்ல வேண்டும். கேபிள் இப்போதே வாங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஓர் அங்குலக் குழாயைப் பதித்து, உள்ளே இழுப்புக் கம்பி ஒன்றை விட்டு வைத்தால் போதும். சிமெண்டு, இரும்புக் கணக்கில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. குழாய் சட்டென்று முழங்கைபோல் மடங்காமல் மெல்ல வளைய வேண்டும். மின்சார வயரும் இதுவும் ஒரே குழாயில் போகக் கூடாது. சில எலக்ட்ரீஷியன்கள் வேலை மிச்சம் என்று ஒன்றாகத் திணித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

மொட்டை மாடியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு குழாய் இறங்கட்டும். பல தெருக்களில் கண்ணாடி இழைக் கேபிள் கம்பத்திலும் மரத்திலும் தொங்கி, மாடி வழியாகத்தான் வருகிறது. குழாய் இல்லாவிட்டால், குடித்தனக்காரர் மாறும்போதெல்லாம் புதுக் கம்பெனி ஆள் வந்து ஜன்னல் ஓரம் புது ஓட்டை போடுவார்.

கேபிள் வாங்கும்போது விலை மலிவு என்று ஏமாறக் கூடாது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை அசல் கேட் 6 என்று விற்பதுண்டு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது சீக்கிரம் ஒடியும். காமிராவுக்கு அதே கேபிளில் மின்சாரம் அனுப்பினால் சூடேறும்.

இன்டர்நெட் பெட்டி வைக்கும் இடத்தில் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக் ஒன்று வேண்டும். பூச்சு வேலைக்கு முன், குழாய் ஓடும் சுவர்களையும் கூரையையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படத்தைத் தேட வேண்டி வரும்.