மின்னஞ்சற் பெட்டியின் திறவுகோல்

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் சென்றால் எழுவைதீவை அடையலாம். முன்னாளில் அத்தீவுக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றும் படகிலேயே கடலைக் கடந்தது. மின்னஞ்சலோ படகுக்குக் காத்திருப்பதில்லை. ஆயினும், கடிதப் பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்னும் பழைய விதி மட்டும் மாறவில்லை.

அத்தீவிலுள்ள ஒரு சனசமூக நிலையம் தன் பெயரால் இணையத்தளமும் மின்னஞ்சல் முகவரியும் வைத்திருப்பதாகக் கொள்க. ஐந்தாண்டுகள் அம்முகவரியைக் கையாண்ட செயலாளர் பதவி நீங்கி வெளிநாடு செல்கிறார். அவர் நல்லவரே. ஆனால் கடவுச்சொல் அவருடைய பழைய கைத்தொலைபேசியிற் பதிந்துள்ளது. அத்தொலைபேசி இப்பொழுது எவர் கையிலோ உள்ளது. நூல்நிலையக் கட்டடத்துக்கு நிதி அனுப்பும் கனடா உறவினருக்கு, “வங்கிக் கணக்கிலக்கம் மாறிவிட்டது” என்று நிலையத்தின் பெயரால் ஒரு மடல் சென்றால் விளைவு யாது? ஊரார் சேர்த்த பணம் முன்பின் அறியாதவன் கணக்கிற் போய்ச் சேரும்.

இதனைத் தடுக்கும் வழி எளிது. மடல்கள் தீவில் இருப்பதில்லை; இணையத்தில் இடம் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் வழங்கி எனப்படும் கணினியில் இருக்கின்றன. அவ்விடத்தை ஆள்வதற்கு நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டுப் பலகத்தை அளிக்கின்றது. 1996ஆம் ஆண்டில் தோன்றிய சிபேனல் அத்தகையவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. இங்கே திறவுகோல்கள் இரண்டு என்பதை மறத்தலாகாது. பலகத்தின் கடவுச்சொல் வீட்டுச் சாவி. மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டிச் சாவி. வீட்டுச் சாவி உடையவர், பெட்டியின் பழைய சாவியை அறியாமலே புதிய பூட்டு இடலாம்.

பலகத்துள் நுழைந்து, மின்னஞ்சற் கணக்குகள் என்னும் பகுதியைத் திறந்து, உரிய முகவரியைத் தெரிந்து, புதிய கடவுச்சொல்லை இட்டுச் சேமித்தல் வேண்டும். பழைய மடல்கள் அழியமாட்டா. பழைய கடவுச்சொல்லைப் பலகம் காட்டாது. அதற்குக் காரணம் உண்டு. 1961இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக் கணினியிற் கடவுச்சொல் முறை புகுந்தபோது, சொற்கள் உள்ளபடியே எழுதி வைக்கப்பட்டன. சில ஆண்டுகளில் ஒரு கோப்பு மற்றொன்றோடு மாறிப் போகவே, எல்லோருடைய கடவுச்சொற்களும் நுழைந்தவர் அனைவருக்கும் அச்சாகி வெளிப்பட்டன. இக்காலத்தில் வழங்கி சொல்லை வைத்திருப்பதில்லை. மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றிய அடையாளத்தையே வைத்திருக்கின்றது.

மாற்றியதும் கடமை முடிந்தது எனக் கருதலாகாது. பழைய சொல்லோடு விடப்பட்ட தொலைபேசி மீண்டும் மீண்டும் கதவைத் தட்டும். அதனை எதிரியென எண்ணி வழங்கி அலுவலகத்தின் இணைப்பையே சில வேளை மறித்துவிடும். ஆதலின் எல்லாக் கருவிகளிலும் புதிய சொல்லை உடனே இடல் வேண்டும். வரும் மடலின் படியை வேறு முகவரிக்கு அனுப்புமாறு முன்னரே எவரேனும் கட்டளையிட்டிருப்பின், அக்கட்டளை கடவுச்சொல் மாறினாலும் நிலைத்திருக்கும். அதனையும் தேடி நீக்குக. முன்னாட் செயலாளர் பலகத்தின் சொல்லையும் அறிந்திருந்தால் அதனையும் மாற்றுதல் வேண்டும். அன்றேல் புதிய பூட்டினாற் பயனில்லை.

ஊரின் பெயரும் பிறந்த ஆண்டும் கடவுச்சொல் ஆகா. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடர் நினைவிலும் நிற்கும், ஊகத்துக்கும் எட்டாது. மாதந்தோறும் மாற்றுவதும் தேவையன்று. வெளிப்பட்டதென ஐயம் எழும்போதும் பொறுப்பாளர் மாறும்போதும் மாற்றினாற் போதும்.

உரிமையின்றிப் பிறர் கணினியுள் நுழைவது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். எனினும் சட்டம் வருவது களவுக்குப் பின்னரே. புதிய நிர்வாகசபை பதவியேற்கும் நாளிற் பணப்பெட்டிச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் கையேற்கும் சங்கங்கள், அன்றே மின்னஞ்சற் கடவுச்சொல்லையும் மாற்றி, மாற்றிய செய்தியைக் கூட்ட அறிக்கையிற் பதிவு செய்தல் நன்று. சொல்லை மட்டும் அதில் எழுதலாகாது.