கரையான் இல்லை... பிறகு மரத்தை உடைத்தது யார்? இரும்பை ஆயுதமாக்கும் பூஞ்சையின் கதை!

பாத்ரூம் கதவு நிலையின் அடிப்பகுதி பொலபொலவென உதிர்கிறது. விரலால் அழுத்தினால் தூளாகிறது. 'கரையான்தான்' என்று முடிவுகட்டி மருந்து அடித்துவிடுவோம். ஆனால், உதிர்ந்த துண்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரையான் கட்டும் மண் தடம் எதுவும் இல்லை. காப்பிப்பொடி நிறம். சாக்லேட் பாரில் கோடு போட்டதுபோல குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, கட்டம் கட்டமாக உடைகிறதா? அப்படியென்றால், அது பெரும்பாலும் 'பழுப்பு அழுகல்' பூஞ்சையின் வேலை.

பல் இல்லை, தாடை இல்லை. தலைமுடியைவிட மெல்லிய இழைகளால் ஆன ஓர் உயிர், உத்திரத்தையே எப்படி உடைக்கிறது?

கம்பியும் சிமென்ட்டும்

மரத்தின் செல் சுவரை கான்கிரீட்டோடு ஒப்பிடலாம். உள்ளே இருக்கும் கம்பி, செல்லுலோஸ். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த இந்தப் பொருள்தான் மரத்தில் சுமார் 40 முதல் 50 சதவிகிதம். கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் சிமென்ட், லிக்னின். இவை இரண்டையும் இணைப்பது ஹெமிசெல்லுலோஸ்.

பூஞ்சைக்கு வேண்டியது சர்க்கரை. ஆனால், லிக்னின் வழிவிடாது. 'வெள்ளை அழுகல்' பூஞ்சைகள் அந்த லிக்னினையும் சேர்த்தே உடைக்கும். அவை தின்றது போக மிஞ்சுவது வெளிறிய நார். பழுப்பு அழுகல் பூஞ்சைகளின் மூதாதையர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் சாப்பிட்டார்கள் என்கின்றன மரபணு ஆய்வுகள். பிறகு, லிக்னினை உடைக்கும் நொதிகளைக் கைவிட்டு, குறுக்குவழி ஒன்றைப் பிடித்துக்கொண்டன. சிமென்ட்டை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, கம்பியை மட்டும் உருவுகின்றன. மிஞ்சும் லிக்னின்தான் அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

இரும்பு + பெராக்சைடு = தாக்குதல்

இதில் ஒரு சிக்கல். செல்லுலோஸை வெட்டும் நொதிகள் அளவில் பெரியவை. செல் சுவரின் நுண்துளைகளுக்குள் அவற்றால் நுழைய முடியாது. அதனால் பூஞ்சை முதலில் நொதியை அனுப்புவதில்லை, வேதியியலை அனுப்புகிறது.

1894-ல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு வினையைப் பற்றி எழுதினார். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தோடு இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால், அந்த அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்பதுதான் அது. இன்று 'ஃபென்டன் வினை' என்று சொல்லப்படும் இதைத்தான் பூஞ்சை மரத்துக்குள் நடத்துகிறது.

முதலில் ஆக்ஸாலிக் அமிலத்தைச் சுரக்கிறது. அது மரத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சை சுரக்கும் வேறு சில சிறு மூலக்கூறுகள், அந்த இரும்பை வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்ததும் 'ஹைட்ராக்சில் ரேடிக்கல்' பிறக்கிறது. விநாடியில் கோடியில் ஒரு பங்குகூட நிலைக்காத துகள். ஆனால், அதற்குள் பக்கத்தில் இருப்பதைத் தாக்கிவிடும். செல்லுலோஸ் சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. வழி திறந்த பிறகே நொதிகள் வந்து சர்க்கரையை அறுவடை செய்கின்றன.

இவ்வளவு மூர்க்கமான துகள் பூஞ்சையையே கொல்லாதா? இழைக்கு அருகில் ஆக்ஸாலிக் அமிலம் இரும்பைக் கட்டிப்போட்டு வைப்பதால், வினை கொஞ்சம் தள்ளி, செல் சுவருக்குள் நடக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இன்னொரு தந்திரத்தையும் காட்டினார்கள். வளரும் இழையின் நுனியில் ரசாயனத் தாக்குதல், நொதிகளின் வேலை அதற்குப் பின்னால். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் மோதிக்கொள்வதில்லை.

கண்ணுக்குத் தெரியும் முன்பே...

ஆபத்து இங்கேதான். செல்லுலோஸ் சங்கிலிகள் ஆரம்பத்திலேயே அறுந்துவிடுவதால், மரத்தின் எடை 10 சதவிகிதம் குறைவதற்குள் அதன் வலிமை பாதிக்கும் மேல் போய்விடலாம். வெடிப்பு தெரியும்போது, சுமை தாங்கும் மரம் எனில் காலம் கடந்திருக்கும்.

ஐரோப்பாவில் வீட்டுக்காரர்களை நடுங்கவைப்பது 'செர்புலா லாக்ரிமான்ஸ்' என்ற பூஞ்சை. லாக்ரிமான்ஸ் என்றால் கண்ணீர் விடுவது. இதன் மேல் நீர்த்துளிகள் அரும்புவதால் இந்தப் பெயர். தடித்த இழைகள் வழியாகத் தண்ணீரையும் சத்தையும் கடத்திக்கொண்டு, செங்கல் சுவரையே கடந்து அடுத்த மரத்தைப் பிடிக்கும். இதன் பூர்வீகம் ஆசியா என்கின்றன மரபணு ஆய்வுகள். இமயமலைக் காடுகளில் இது இயற்கையாகவே வளர்கிறது. குளிர்ச்சியை விரும்புவதால், சமவெளி வெயில் இதற்கு ஒத்துவராது. ஆனால், வெப்பத்தைத் தாங்கும் பழுப்பு அழுகல் பூஞ்சைகளும் உண்டு.

காட்டில் இவை வில்லன் அல்ல. விழுந்த மரங்களை மட்கவைத்து, லிக்னின் நிறைந்த பழுப்புக் கட்டிகளை மண்ணில் விட்டுச்செல்கின்றன. நீண்ட காலம் அழியாத அந்தக் கட்டிகள் ஈரத்தைப் பிடித்துவைத்து, புதிய மரங்களின் வேர்களுக்கு உதவுகின்றன.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பூஞ்சைக்கு உயிர் தண்ணீர்தான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் தொடங்காது. குழாய்க் கசிவு, கூரை ஒழுகல், சுவர் ஓதம் ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள்.

* கதவு நிலை, ஜன்னல் சட்டம், சிங்க் அடியில் உள்ள மரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

* ஈரமான மரத்தின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

* பைன் போன்ற மரங்கள் எளிதில் பலியாகும். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதி நன்றாகத் தாங்கும். வெளிப்புற வெளிறிய பகுதி தாங்காது.

* உத்திரம், மாடிப்படி போன்ற சுமை தாங்கும் மரத்தில் கட்டம் கட்டமாக வெடிப்பு தெரிந்தால், பட்டி வைத்து மூடாமல் உடனே தச்சரையோ கட்டடப் பொறியாளரையோ அழைத்துக் காட்டுங்கள்.

கரையான் மருந்து பூஞ்சையை நிறுத்தாது. கசிவை அடைத்தால்தான் அது நிற்கும்.