ஒரு பெட்டியும் மூன்று டிஸ்க்கும்

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பதுளையைச் சுற்றிய தோட்டங்களில் பறித்த கொழுந்தின் கணக்கு ஒரே இடத்தில் தங்கியதில்லை. மலையில் நிறுத்த எடை ஆபீசுக்குப் போய், கிளாக்கரின் கையால் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறும். மாத முடிவில் அதன் தொகுப்பு கொழும்பிலிருந்த ஏஜென்சி நிறுவனத்துக்குப் போகும். ஸ்டேர்லிங் கம்பனித் தோட்டமானால் லண்டனுக்கும் போகும். தோட்டத்து ஆபீஸ் எரிந்தாலும், இத்தனை இறாத்தல் தேயிலை விளைந்தது என்ற கணக்கு எங்காவது பிழைத்திருக்கும்.

அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் வாழ்க்கைக் கணக்குக்கு இருந்தது ஒரே பிரதி. லயத்துக் காம்பராவின் மூலையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தோட்டம் மாறியபோது துரை கொடுத்த பற்றுச்சீட்டு, பதுளையில் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த கல்யாணப் படம், 1958க்குப் பிறகு ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகள். மார்கழி மழையில் கூரை ஒழுகினால் முதலில் இடம் மாற்றி வைப்பது அந்தப் பெட்டியைத்தான்.

அந்த ஒற்றைப் பிரதியின் விலை என்னவென்று சட்டம் காட்டியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. மறுவருடம் வந்த 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுகிய வழி விட்டது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1க்கு முன்னர் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மறுத்ததன் பின்னால் அரசியல் இருந்தது. மறுப்பதற்குச் சொன்ன சாக்கோ, பல வேளைகளில் காட்ட முடியாமற்போன ஒரு துண்டுக் கடதாசி. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் முழுமையாக வந்தது.

நெருப்பும் மண்ணும் தம் பங்குக்குச் செய்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. 1983 ஜூலையில் பதுளை நகரிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிழைத்தவர்கள் உறவுகளை இழந்த துயரத்தோடு, தாம் யார் என்று காட்டும் அடையாளக் கடதாசிகளையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தின் மலைகளை மீண்டும் சரித்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1992இல் அரசிடமிருந்த தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு ஆபீஸ்களுக்குக் கணினி படிப்படியாக வந்தது. 1.44 மெகாபைட் கொள்ளும் ஃபிளாப்பி போய் 700 மெகாபைட் சீடி வந்தது, பிறகு பென் ட்ரைவ். இன்று உள்ளங்கையளவு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஒரு தோட்டத்துப் பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறுகள், கோயில் திருவிழாப் படங்கள், காமன்கூத்து வீடியோக்கள், குடும்பங்களின் சான்றிதழ்கள் எல்லாம் அடங்கிவிடும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் மலையக நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து உலகெங்கும் படிக்கக் கொடுக்கிறது. கம்பனிக்கு மட்டும் இருந்த வசதி லயத்துக்கும் எட்டியிருக்கிறது.

மாறாதது ஒற்றைப் பிரதிப் பழக்கம். தாத்தாவின் தகரப் பெட்டி பேரனின் ஃபோனாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஃபோன் விழுந்தால் பத்து வருடப் படங்கள் போகும். எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் ஏற்றி அலமாரியில் வைத்தாலும் அபாயம் அதேதான். பெரிய இடங்களுக்கும் இது நேரும். 2023 ஆகஸ்டில் கப்பம் கேட்கும் வைரஸ் இலங்கை அரசின் கிளவுட் கட்டமைப்பைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கு, கட்டமைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதி எதுவும் இல்லை.

வழி எளிது. மூன்று டிஸ்க் வாங்கி 1, 2, 3 என்று எண் ஒட்டுங்கள். முதலாவது கணினிக்குப் பக்கத்தில். இரண்டாவது பதுளை நகரில் உறவினர் வீட்டில். மூன்றாவது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம். பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு யாராவது ஊருக்கு வருவார்கள்தானே? அன்று டிஸ்க்குகள் இடம் மாறட்டும். வீட்டிலிருந்தது புதிய பிரதியோடு வெளியே போகும், வெளியே இருந்தது வீட்டுக்கு வரும். மலை சரிந்தாலும் ஒன்று மலைக்கு அப்பால் இருக்கும். வைரஸ் வந்தாலும் கழற்றி வைத்த டிஸ்க்கை அது தொடாது. தவறுதலாக அழித்த கோப்பை ஒரு மாதம் கழித்துத் தேடினாலும் பழைய டிஸ்க்கில் கிடைக்கும். அலுவலகங்கள் டேப்பில் பதிந்த காலத்திலேயே தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறைப் பிரதிகளைச் சுழற்றிக் காத்தன.

சுழற்சிக்கு ஒழுங்கு வேண்டும். எந்த டிஸ்க் எங்கே, எந்தத் திகதியில் பதிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பதிந்தபின் வேறொரு கணினியில் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது வயரைக் கழற்றுங்கள். நாலைந்து வருடம் ஓடிய டிஸ்க்குக்கு மாற்று வாங்குங்கள். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் போட்டுவைக்காதீர்கள். அடையாள அட்டைப் படங்கள் உள்ள டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டி, அந்தச் சொல்லை எழுதி மூடிய உறையில் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள்.

மூன்று டிஸ்க்கின் விலை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பல நாட் சம்பளம். தனிக் குடும்பத்துக்கு இது பாரம்தான். ஆகவே கோயில் பரிபாலன சபை, இளைஞர் மன்றம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதாவது ஒன்று தோட்டத்துக்கு ஒரு தொகுதியாக வாங்கட்டும். விரும்பும் குடும்பங்களின் சான்றிதழ்களையும் படங்களையும் அவர்களின் சம்மதத்தோடு அதில் சேர்க்கட்டும். கணினி தெரிந்த பிள்ளைகள் இன்று பசறைத் தோட்டங்களிலும் உண்டு, மடுல்சீமைத் தோட்டங்களிலும் உண்டு.

இருநூறு வருடம் இந்த மலைகளில் உழைத்தவர்களின் தேயிலைக் கணக்கை மற்றவர்கள் பத்திரமாகக் காத்தார்கள். அவர்களின் வாழ்க்கைக் கணக்கைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த போயாவுக்குள் உங்கள் தோட்டத்தில் முதல் டிஸ்க்கில் பதியத் தொடங்குங்கள்.