குழந்தைப் புற்றுநோயும் நிழற்படங்களும்

குழந்தையின் வயிற்றில் கட்டியொன்று இருப்பதாக மருத்துவர் கூறியவுடன் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி, "அதனை இன்றே அறுத்து எடுத்துவிடலாகாதா?" என்பதே. நரம்புத் திசுவில் தோன்றும் 'நியூரோபிளாஸ்டோமா' என்னும் புற்றுநோயைப் பொறுத்தவரை, இக்கேள்விக்கு விடை தருவதில் படங்களுக்குப் பெரும் பங்குண்டு. அவ்விடை எவ்வாறு கிடைக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கரு வளருங்கால், பின்னர்ப் பரிவு நரம்பு மண்டலமாக உருப்பெற வேண்டிய இளம் உயிரணுக்களிற் சில முதிர்ச்சியடையாமற் பெருகிக் கட்டியாவதே இந்நோய். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பியில் இது மிகுதியாகக் காணப்படும். முதுகெலும்பின் மருங்கே கழுத்து முதல் இடுப்பு வரை எங்கும் தோன்றவும் கூடும். இதற்கு ஆளாவோரிற் பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

1988-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற சர்வதேச முறை, அறுவைச் சிகிச்சையின் விளைவைக் கொண்டே நோயின் நிலையைக் கணித்தது. ஒரு மருத்துவர் முழுக் கட்டியையும் எடுத்துவிட்டால் அது முதல் நிலை. மற்றொருவர் எச்சரிக்கையாக ஒரு பகுதியை விட்டுவைத்தால் அதே கட்டி அடுத்த நிலையைச் சேர்ந்துவிடும். கட்டி ஒன்றே, கத்தி பிடித்தவரைப் பொறுத்து அதன் பெயர் மாறிற்று. வெவ்வேறு நாடுகளின் சிகிச்சைப் பலன்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால் அரிதாயிற்று.

இக்குறையைப் போக்க, 2009-ஆம் ஆண்டில் பல நாட்டு வல்லுநர்கள் புதியதொரு முறையை வெளியிட்டனர். சிகிச்சை தொடங்குமுன் எடுக்கப்பெறும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்களில் 20 அபாயக் குறிகளை அவர்கள் தேடச் சொன்னார்கள். கட்டி எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிலும், அது எதனைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். பெருந்தமனியையோ கழுத்துத் தமனியையோ சூழ்ந்திருக்கிறதா? மூச்சுக்குழலை நெருக்குகிறதா? முதுகெலும்பின் கால்வாயினுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புகுந்துள்ளதா? உதாரணமாக, தமனியின் சுற்றளவில் பாதிக்கு மேல் கட்டி வளைத்திருந்தால் அது தமனியைச் சூழ்ந்துவிட்டதாகக் கொள்வர்.

உடலின் ஒரு பகுதியிலேயே அடங்கி, இக்குறிகளுள் ஒன்றும் இல்லாத கட்டி 'எல்-1' எனப்படும். அதனை முதலிலேயே அகற்றுவது பெரும்பாலும் இயலும். ஒரு குறியேனும் இருப்பின் அது 'எல்-2'. அவசரப்பட்டு அதனை அறுத்தால், ரத்தப்பெருக்கும் சிறுநீரக இழப்பும் நரம்புச் சேதமும் நேரக்கூடும். ஆதலின் சிறு துண்டை மட்டும் எடுத்துச் சோதித்து, தேவையாயின் மருந்துகளால் கட்டியைச் சுருக்கி, மீண்டும் படமெடுத்துப் பார்த்தபின் அறுவையைப் பற்றி முடிவு செய்வர்.

நோய் தொலைவிற் பரவியுள்ளதா என்பதை அறிய வேறொரு படம் உதவுகிறது. எம்.ஐ.பி.ஜி. என்னும் பொருளைக் கதிரியக்க அயோடினுடன் இணைத்து ஊசி வழியே செலுத்துவர். இப்புற்றணுக்களிற் பெரும்பாலானவை அதனை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. எனவே எலும்பில் ஒளிந்துள்ள நோயும் படத்திற் புலனாகும். தைராய்டு சுரப்பியைக் காக்க முன்னதாகவே மருந்து கொடுப்பார்கள். தொலைவிற் பரவிய நோய் 'எம்' எனப்படும். ஆயினும் 18 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தோல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் மட்டும் பரவியிருப்பின், அதற்கு 'எம்.எஸ்.' என்று தனிப்பெயர் உண்டு. இவ்வகைக் கட்டிகளிற் சில தாமாகவே கரைந்துவிடுவது இந்நோயின் விந்தைகளுள் ஒன்று. ஆகவே எலும்பு பாதிக்கப்படவில்லை என்று ஒரு படம் காட்டுவது, கடுஞ்சிகிச்சையிலிருந்தே ஒரு சிசுவைக் காப்பாற்றக்கூடும்.

படம் மட்டும் முழு உண்மையையும் கூறிவிடாது. குழந்தையின் வயது, திசுவின் தன்மை, 'மிக்என்' என்னும் மரபணு பன்மடங்காகப் பெருகியுள்ளதா என்பது ஆகிய அனைத்தையும் சேர்த்தே அபாயத்தை மதிப்பிடுகின்றனர்.

பெற்றோர் கவனிக்க வேண்டுவன இரண்டு. குழந்தையின் வயிற்றில் வீக்கம், நீங்காத எலும்பு நோவு, அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கருமை ஆகியவை தோன்றினால் மருத்துவரை நாடுதல் வேண்டும். கால்கள் திடீரென வலுவிழந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. மற்றொன்று, அறுவைக்கு முன் படமெடுக்கவும் காத்திருக்கவும் மருத்துவர் கூறினால், அதனை வீண் தாமதமென எண்ணி மனந்தளர வேண்டுவதில்லை. குழந்தையின் உயிரோடு அதன் உறுப்புகளையும் காக்கும் பொருட்டே அவர் பொறுத்திருக்கச் சொல்கிறார்.