பழைய டிவி கேம் புது டிவியில் ஓடுவது எப்படி?

தொண்ணூறுகளில் சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் பக்கம் கேசட் செருகி ஆடிய 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை, நின்டென்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் ஆடிய மரியோ விளையாட்டை இன்று 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கையளவு கணினியில் ஓட்டலாம். எப்படி?

பழைய சிப்புக்குப் புரியும் கட்டளைகள் புது சிப்புக்குப் புரியாது. எமுலேட்டர் என்ற மென்பொருள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய சிப் என்ன செய்திருக்குமோ அதையே செய்கிறது. படத்தையும் ஒலியையும் அதே நேரக்கணக்கில் தர வேண்டும். பிசகினால் படம் குலையும். இதற்கெல்லாம் வேகம் தேவை. பழைய சிப்புக்கு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு; 2016-இல் வந்த ராஸ்பெரி பை 3-க்கு 120 கோடி.

துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டு மட்டும் மக்கர் செய்யும். சுட்டதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளியுணரி அதைக் கண்டால் குறி தப்பவில்லை. பிக்சர் டியூப் டிவியில் அந்த வெளிச்சம் உடனே வரும். எல்.இ.டி. டிவி சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி ஏமாந்துபோகிறது.

எமுலேட்டர்கள் அடங்கிய 'ரெட்ரோபை' மென்பொருளை ராஸ்பெரி பையின் மெமரி கார்டில் ஏற்றி, ஜாய்ஸ்டிக் பட்டன்களைப் பதிந்தால் பெட்டி தயார். டிவியில் 'கேம் மோட்' போட்டால் தாமதம் குறையும். விளையாட்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. ஆக்கியவர்களே இலவசமாகத் தருபவற்றிலிருந்து தொடங்குங்கள். கார்டில் எழுதும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெடும். ஆகவே மெனு வழியாகவே அணையுங்கள், கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள்.