பழைய கணிப்பொறி அறிவுக்கு இன்றும் வேலை உண்டு

"சார், நமக்குத் தெரிந்தது கோபாலும் ஜே.சி.எல்.லும்தான். கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பெண் இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?" நம் சங்கக் கூட்டங்களில் ஐம்பதைத் தாண்டிய அன்பர்கள் சிலர் என்னைத் தனியே அழைத்துக் கேட்பது இது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் 'ஒய்-டூ-கே' வேலைக்கென்றே கோபால் படித்து, மும்பைக்கு ரயில் ஏறி வந்தவர்கள் இவர்களில் பலர்.

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோபால் என்றதும் ஊரிலுள்ள மாமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1959-இல் அமெரிக்காவில் வணிகக் கணக்குகளுக்காக வடிவமைக்கத் தொடங்கிய கணிப்பொறி மொழி அது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்னும் அதைக் கைவிடாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. பல மொழிகளில் பின்னங்களை வழக்கமாக இரும முறையில் வைப்பார்கள். அந்த முறையில் பத்துப் பைசாவைச் சரியாக எழுதவே முடியாது; ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று நீள்வதுபோல் அது முடிவில்லாமல் நீளும். கோபாலோ பணத்தைத் தசம எண்ணாகவே, ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம் வீதம் அடுக்கிக் கணக்கிட வல்லது. கோடிக்கணக்கான கணக்குகளுக்கு வட்டி போடும் இடத்தில் இது சின்ன விஷயமா?

ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்ததால் இன்னோர் உதாரணத்தையும் நான் அருகிலிருந்து பார்த்தேன். 1985-இல் டில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, 'வாக்ஸ்' இயந்திரங்களில் வி.எம்.எஸ். என்னும் இயங்குதளத்தின்மீது ஓடியது. அந்த இயந்திரங்களைச் செய்த டிஜிட்டல் நிறுவனம் 1998-இல் காம்பேக்கிடம் போயிற்று. காம்பேக் 2002-இல் எச்.பி.யிடம் போயிற்று. வி.எம்.எஸ். மட்டும் சாகவில்லை. இன்றைய சாதாரண இன்டெல் வகைச் சர்வர்களில் ஓடும் அதன் பதிப்பு 2022-இல் வெளிவந்தது. தயாரித்தவன் போனபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் சாமான்கள் உலகில் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் தொண்டாற்ற வர வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டார்.

சரி, வேலை எந்த உருவில் வருகிறது? நிரந்தர வேலையாக வருவது அபூர்வம். பழைய நிரலைப் புதிய அமைப்புக்கு மாற்றும் திட்டங்களில், ஆறு மாதம், ஓராண்டு என்று ஒப்பந்தமாக வரும். இங்கேதான் நம்மவர்கள் தங்களைக் குறைத்து விற்கிறார்கள். முலுந்தில் ஒரு நண்பர். காப்பீட்டுத் துறை நிரல்களில் நெடுங்காலம் உழன்றவர். அவருடைய பயோடேட்டா நான்கு பக்கம். அத்தனையும் மொழிகளின் பெயர், மென்பொருள்களின் பெயர். பாலிசியை இடையில் ஒப்படைத்தால் என்ன மதிப்பு, போனஸ் எப்படிச் சேரும், மாத இறுதி பேட்ச் நள்ளிரவில் நின்றுபோனால் எந்தக் கட்டத்திலிருந்து மறுபடி ஓட்டுவது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் ஒரு வரிகூடக் காகிதத்தில் இல்லை! இருவரும் உட்கார்ந்து அதை இரண்டு பக்கமாகத் திருத்தி எழுதினோம். மொழியின் பெயரைக் கீழே தள்ளி, பார்த்த கணக்குகளை மேலே கொண்டுவந்தோம். இரண்டு மாதத்தில் அழைப்பு வந்தது. பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டி, பைசா வித்தியாசம் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. இருபத்தைந்து வயதுப் பையன் அதைச் செய்யத் திணறுவான். அவன் அறிவில் குறைவு ஒன்றுமில்லை. அந்த விதி எந்த ஆண்டு, எந்தச் சுற்றறிக்கையால் நுழைந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நிரலைப் படித்து விளக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன, ஐ.பி.எம்.மே 2023-இல் ஒன்றை வெளியிட்டது. மொழிபெயர்க்கும் வேலை அதனால் குறையும் என்றே நினைக்கிறேன். ஆனால் பெயர்த்தது சரிதானா என்று கையெழுத்துப் போட ஒருவர் தேவை.

சில வருடம் தொடாமல் விட்டவர்கள் கைப்பழக்கத்தை மீட்டுக்கொள்ளப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 'க்னூ கோபால்' என்ற இலவசத் தொகுப்பி வீட்டுக் கணிப்பொறியிலேயே ஓடும். ஐ.பி.எம். நடத்தும் 'இசட் எக்ஸ்ப்ளோர்' பயிற்சியில் உண்மையான மெயின்பிரேமிலேயே கட்டணமின்றிப் பழகலாம்.

பாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக் தெரிந்தவர்களுக்குச் சந்தை சிறியது. விஷுவல் பாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. ஆயினும் பழைய நிரலில் பில் போடும் சிறு ஆலைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. தரவைப் பத்திரமாக வெளியே எடுத்துத் தர ஆள் தேடுவார்கள். இதற்கு விளம்பரம் வராது. ஆடிட்டர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணமோ 'டெபாசிட்டோ' கேட்டால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். பில் கொடுத்து எத்தனை நாளில் பணம், இடையில் நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்க வேலையென்றால் எத்தனை மணிக்கு முடியும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணி வரை விழிப்பது முப்பது வயதில் வேறு, ஐம்பத்தைந்தில் வேறு. வரியைப் பிடித்துக்கொண்டுதான் தொகை தருவார்கள். ஆகவே கணக்குத் தாக்கல் செய்யாமல் விடாதீர்கள்.

இன்னொன்று, வீட்டம்மாமார்களும் படிக்கட்டும். ஒப்பந்தக்காரருக்குப் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு கிடையாது. நிரந்தர வேலையை விட்டு வரும்போது, கம்பெனியின் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. வேலையில் இருக்கும்போதே, கடைசி நாளுக்கு நன்றாக முன்னதாக, எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.